இரும்புக்கு ஒரு தாலாட்டு

"தம்பி ஐசியூவுல நினைவில்லாம படுத்திருக்கான் மேடம். ஆனா அவன் போன்ல பாட்டு ஓடுது."

பி.டி. டீச்சர் சொன்னதைக் கேட்டதும் சர்வேயர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

சர்வேயர் என்பது அவர் பெயரல்ல. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த குடோன்களையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து, எது விபத்து எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு உதவியாள் கணவரின் தம்பி. பதினொரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வண்டியில் சைரன் பழுதானாலும் இவன் வாய் போதும் என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்ததில் ‘சைரன்’ ஆனான். கணவர் விலகிப் போய் ஆறு வருடமாகிறது. "அண்ணன்தான் டைவர்ஸ் வாங்கினாரு, நான் வாங்கலையே" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் மட்டும் அண்ணியிடமே தங்கிவிட்டான்.

"ஆவி பாட்டுக் கேக்குதா?" என்றான் சைரன்.

டீச்சர் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு பள்ளிக்கூட மைதானமே அடங்கியிருக்கும். ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. ஒரு வாரமாகத் தூங்காத கண்கள்.

"அவன் உயிரோட இருக்கான்."

"மன்னிச்சிருங்க டீச்சர். என் வாய் முதல்ல போகும், நான் பின்னாடி வருவேன்."

"ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க" என்றார் சர்வேயர்.

டீச்சரின் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பாட்டுப் பைத்தியம். நெட்வொர்க் மியூசிக் பிளேயர் ஒன்று வாங்க வேண்டும் என்பது இரண்டு வருடக் கனவு. வைஃபை வழியாகப் பாட்டை இழுத்துச் சுத்தமாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி அது. புதியது கைக்கு எட்டவில்லை. அதனால் ‘ஒருவர் மட்டும் உபயோகித்தது’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு கிளம்பினார்.

"நானும் கூடப் போனேன். ரெண்டு மணி நேரம் சோதிச்சான் மேடம். சொந்த ஹெட்போனைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டான். கடையில லென்ஸ் பாக்கற பூதக்கண்ணாடிய வச்சு, பின்னாடி ஒயர் சொருகற ஓட்டைல துரு இருக்கான்னு பார்த்தான். வித்தவர் பொறுமையா நின்னாரு. அவரோட அண்ணன் பெட்டியாம். அண்ணன் மூணாம் தேதி வெளிநாட்டுக்குப் போய்ட்டாராம், போறப்ப இதையெல்லாம் வித்துடுன்னு சொன்னாராம். அவருக்கு அந்தப் பெட்டியப் பத்தி ஒண்ணுமே தெரியல. எந்தப் பட்டன் எதுக்குன்னு என் தம்பிதான் அவருக்குச் சொல்லிக் குடுத்தான்."

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு யாரோ வீட்டுக்குள் நுழைந்து, கண்ணாடிக்கடைக்காரரின் தலையில் சுத்தியலால் மூன்று அடி அடித்திருக்கிறார்கள். மண்டையோடு இரண்டு இடத்தில் உடைந்தது. தடுத்த கையில் மணிக்கட்டு நொறுங்கியது. போனது அந்தப் பெட்டி மட்டும். பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் தொடவில்லை. அவை அந்தப் பெட்டியைவிட விலை கூடியவை.

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"திருட்டு கேஸ்ங்கறாங்க. நேத்து அவன் போனை அவன் விரலை வச்சே திறந்தேன். கடைப் பையனுக்குச் சம்பளம் போடணுமேன்னு. பார்த்தா பாட்டு ஓடிக்கிட்டிருக்கு. ‘முன்ரூம்’னு அந்தப் பெட்டிக்குப் பேர் வச்சிருந்தான். முன்ரூம்ல ஓடுதுன்னு காட்டுது. ஸ்டேஷன்ல சொன்னேன். பாட்டெல்லாம் சாட்சி ஆகாதும்மான்னுட்டாங்க."

சைரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப திருடின ராசா பெட்டிய எங்கேயோ சொருகிட்டான். ஆனா உங்க தம்பி கணக்குலேருந்து வெளிய வரத் தெரியல. பாட்டு அவன்கிட்ட, பட்டியல் நம்மகிட்ட!"

சர்வேயர் போனை வாங்கிப் பட்டியலை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். எரிந்த குடோனில் சாம்பலைக் கிளறும் அதே நிதானம்.

"புதன்கிழமையிலேருந்து ஓடுது. காலையில அஞ்சரைக்கு ஆரம்பம், பத்து மணிக்கு நிறுத்தம். திரும்ப சாயங்காலம் நாலு மணி. எல்லாமே அடிதடிப் பாட்டு, ஒண்ணுகூட மெதுவா இல்ல. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பாட்டும் இல்ல. சைரன், இது வீடா?"

"வீடுன்னா பக்கத்து வீட்டுக்காரன் இந்நேரம் அவன் மண்டைய உடைச்சிருப்பான்... ஜிம் அண்ணி! காலையில ஒரு ஷிப்ட், சாயங்காலம் ஒரு ஷிப்ட், ஞாயிறு லீவு!"

"எந்த ஜிம்?"

"அதையும் நானே சொல்லணுமா? ஊர்ல இருக்கிற தொப்பைய விட ஜிம் அதிகம்."

சர்வேயர் போனை அவன் பக்கம் திருப்பினார். வெள்ளிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு ஒரு பாட்டு நடுவில் அறுந்திருந்தது. ‘முன்ரூம் இணைப்பில் இல்லை’ என்று ஓர் அறிவிப்பு. இரண்டு மணிக்கு ‘முன்ரூம் மீண்டும் இணைந்தது.’

"வெள்ளிக்கிழமை ஒன்பதுலேருந்து ரெண்டு வரைக்கும் எங்க கரண்ட் இல்லைன்னு பாரு."

சைரன் மின்வாரியத்தின் பராமரிப்பு அறிவிப்பைத் தேடி எடுத்தான். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு பகுதி. ஆறு தெரு. அதில் மூன்று ஜிம்.

டீச்சர் எழுந்து நின்றார். "நானும் வரேன்."

"ஆஸ்பத்திரியில யார் இருக்கா?"

"தம்பி பொண்டாட்டி ஒரு வாரமா அங்கேயே கிடந்தா. இன்னைக்குத்தான் அவளை வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொன்னேன். வெளிய ஆள் இருக்கு, கவலையில்ல. வாங்க."

*

முதல் ஜிம்மில் ஒரு நோஞ்சான் பையன் கண்ணாடி முன் நின்று தன்னையே ரசித்துக்கொண்டிருந்தான். டீச்சர் போனில் பாட்டை மாற்றினார். அங்கே ஓடியது மாறவில்லை. "நீ நல்லா இருப்பே தம்பி" என்று ஆசீர்வதித்துவிட்டுச் சைரன் வெளியே வந்தான்.

இரண்டாவது ஒரு டயர்க் கடையின் மாடியில். ஏழெட்டு இளைஞர்கள் எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். வியர்வையும் ரப்பரும் கலந்த வாடை. நடுவில் நின்றவனை ‘இரும்பு அண்ணே’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கழுத்து என்று ஒன்று இல்லை. தலை நேராகத் தோளில் பதிந்திருந்தது. சுவர் ஓரத்து அலமாரியில், கறுப்பாக, செங்கல்லைவிடச் சற்றே பெரிதாக, ஒரு பெட்டி. அதன் சின்னத் திரை ஒளிர்ந்தது.

"சேரணுமா?" என்று சைரனை ஏற இறங்கப் பார்த்தான் இரும்பு.

"ஆமாண்ணே. உடம்புல எலும்பு மட்டும்தான் இருக்கு. மிச்சத்தை நீங்க போட்டுக் குடுக்கணும்."

மாடிப்படியில் சர்வேயருக்குப் பக்கத்தில் நின்றபடி டீச்சர் தம்பியின் போனில் விரலை வைத்தார். தன் குழந்தைகளுக்காகத் தம்பி சேர்த்து வைத்திருந்த பட்டியலில் முதல் பாட்டு.

சுவர்களை அதிரவைத்த மேளச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த நொடி, முழுச் சத்தத்தில், ஒரு பெண் குரல் ‘ஆராரோ... ஆரிரரோ...’ என்று இழைந்து வந்தது.

நெஞ்சுக்கு மேலே கம்பியைத் தூக்கியிருந்த ஒருவனுக்குச் சிரிப்பு தாங்காமல் கை நடுங்கியது. "அண்ணே, தூக்கம் வருதுண்ணே!"

இரும்பு அலமாரிக்கு ஓடிப் பாட்டை மாற்றினான். மேளம் திரும்பியது. இரண்டடி நடந்திருப்பான். மறுபடியும் ‘ஆராரோ.’ மறுபடியும் ஓடினான். மூன்றாவது முறை தாலாட்டு வந்தபோது ஜிம்மே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இரும்பு மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பினான். வாசலில் நின்ற உயரமான பெண்ணையும் அவர் கையிலிருந்த போனையும் பார்த்தான்.

"அது என் தம்பி பெட்டி" என்றார் டீச்சர்.

இரும்பு யோசிக்கவே இல்லை. காலடியில் கிடந்த பத்துக் கிலோ வட்டை எடுத்து வீசினான். டீச்சரின் தலைக்கு வந்ததைக் கதவருகே நின்ற சைரன் கையை நீட்டித் தட்டிவிட்டான். வட்டு கதவு நிலையில் மோத, நடுவில் அவன் விரல்கள் மாட்டின. குச்சி முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இளைஞர்கள் படியில் உருண்டு விழாத குறையாக ஓடினார்கள். தாலாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரும்பு பாய்ந்து சர்வேயரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அறைந்தான். சுவர்க் கண்ணாடி விரிசல் விட்டது. அவர் கால்கள் தரையை விட்டு எழும்பின. முகம் கருத்தது. சைரன் உடையாத கையால் அவன் முதுகில் குத்தினான். சாக்கு மூட்டையைக் குத்தினது போல இருந்தது.

டீச்சர் அவசரப்படவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த எடையில்லாத கம்பியை எடுத்தார். முப்பது வருடம் ஈட்டி எறியச் சொல்லிக் கொடுத்த கைகள். இடுப்பைத் திருப்பி, இரும்பின் வலது முழங்காலில், பக்கவாட்டில், ஒரே அடி.

கால் போகக்கூடாத திசையில் போனது. இரும்பு அலறிக்கொண்டு பின்னால் சரிந்து பெஞ்சில் மல்லாந்து விழுந்தான். எழ முயன்றவனின் கழுத்தின் குறுக்கே டீச்சர் கம்பியை வைத்து அழுத்தினார். சர்வேயர் இருமிக்கொண்டே தவழ்ந்து வந்தார். கம்பியின் ஒரு முனையில் ஐந்து கிலோ வட்டு ஒன்றைச் சொருகினார். மறுபக்கம் இன்னொன்று.

"கேள்வி கேப்பேன்" என்றார் கரகரத்த குரலில். "பொய்க்கு ரெண்டு வட்டு. யார் அனுப்பினது?"

"யாரும்... இல்ல..."

"டீச்சர், கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. பக்கத்துக்கு ஒண்ணு."

கம்பி இறங்கியது. இரும்பின் கண்கள் பிதுங்கின. கால்சட்டை நனைந்து ஈரம் பெஞ்சிலிருந்து சொட்டியது.

"சொல்றேன்! ஆளு யாருன்னு சத்தியமாத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழட்டல. பெட்டிய எடுத்து உடைச்சிடு, ஆளையும் முடிச்சிடுன்னான். பெட்டி நல்லா இருந்துச்சு. உடைச்சிட்டேன்னு பொய் சொல்லி வச்சுக்கிட்டேன்..."

"கலா ரசிகன்" என்றான் சைரன், உடைந்த விரல்களைத் துண்டில் சுற்றிக்கொண்டே. பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் பாதிதான் வெளியே வந்தது.

"கடைசியா எப்பப் பேசினான்?"

"இன்னைக்குக் காலையில. ஒன்பது மணி இருக்கும். வேலைய அரைகுறையா செஞ்சிருக்கேன்னு திட்டினான். ஆளு பிழைச்சுக்குவான் போலிருக்கு, நாளைக்குத் தொண்டையிலேருந்து குழாய எடுக்கப் போறாங்க, எடுத்தா பேசிடுவான்னான். நீ ஊர விட்டுப் போ, மிச்சத்தை நானே பாத்துக்கறேன்னான்."

டீச்சரின் பிடி தளர்ந்தது.

"என்ன டீச்சர்?"

"குழாய் விஷயம்... டாக்டர் இன்னைக்கு எட்டரைக்குத்தான் சொன்னாரு. என்கிட்ட மட்டும். வராந்தாவுல வச்சு. தம்பி பொண்டாட்டிக்கே நான் இன்னும் சொல்லல."

"அப்ப உங்க பக்கத்துல யார் இருந்தா?"

டீச்சரின் உதடு அசைந்தது. 

"பெட்டிய வித்தவர். விஷயம் கேள்விப்பட்டு முதல் நாளே ஓடி வந்தாரு மேடம். தினமும் பழம் வாங்கிட்டு வந்து என்கூட உக்காந்திருப்பாரு. தங்கமான மனுஷன்னு நினைச்சேன். இப்பவும் அவர்தான் அங்க... அஞ்சு மணிக்குப் பார்வையாளர் நேரம். எனக்குப் பதிலா நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்கண்ணேன்னு பாஸை அவர் கையிலதான் குடுத்துட்டு வந்தேன்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பத்தைந்து.

டீச்சர் கம்பியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார். சர்வேயர் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரி அரை மணி தூரம்! நீங்க போறதுக்குள்ள அவன் உள்ள போயிடுவான். சைரன், வார்டுல உனக்கு யாராவது?"

"கம்பவுண்டர் இருக்கான்." அவன் இடது கையால் எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டான். "எடுடா... எடுடா... அடிக்குது, எடுக்க மாட்டேங்கறான்."

சர்வேயர் டீச்சரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "கேளுங்க. உங்க தம்பி வாயைத் திறக்க நாளைக்கு ஆகும். இந்தப் பெட்டி உடைஞ்சு போச்சுன்னு அவன் நம்பிக்கிட்டிருக்கான். இது உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா முதல்ல எங்க ஓடுவான்? இங்க. அவனுக்கு போன் போடுங்க. பெட்டி கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்க. சிரிச்ச மாதிரி பேசுங்க."

"எனக்குச் சிரிப்பு வராது."

"அப்ப அழுங்க. சந்தோஷத்துல அழற மாதிரி இருக்கும்."

டீச்சர் தன் போனை எடுத்தார். கையில் வியர்வை பிசுபிசுத்ததால் திரை இரண்டு முறை ஏமாற்றியது.

"அண்ணே... பெட்டி கிடைச்சிருச்சுண்ணே."

 ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ பெயர் கூப்பிடும் சத்தம் மட்டும்.

"எந்தப் பெட்டிம்மா?"

"தம்பி உங்ககிட்ட வாங்கினது. ஒரு ஜிம்முல இருந்துச்சு."

"அது... உடைஞ்சு போயிருக்குமே?"

சர்வேயர் கண்ணை மூடித் திறந்தார்.

"இல்லண்ணே. ஒரு கீறல்கூட இல்ல. பாடிக்கிட்டிருக்கு. உங்க அண்ணன் ஆசையா வச்சிருந்தது. போலீஸ் கைக்குப் போனா என்னைக்குத் திரும்பி வருமோ. உங்ககிட்டயே குடுத்துடலாம்னு தோணுச்சு."

"போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. இடத்தைச் சொல்லுங்கம்மா. நானே வரேன்."

டீச்சர் இடத்தைச் சொன்னார். போனை வைத்தார். கழுவும் தொட்டிக்கு நடந்து போய் வாந்தி எடுத்தார்.

நாலு ஐம்பத்தைந்துக்குக் கம்பவுண்டரே திரும்பக் கூப்பிட்டான். சைரன் ஒலிபெருக்கியில் போட்டான். "யாரைடா கேக்கறே? பாஸோட உக்காந்திருந்தாரே, அவரா? இப்பத்தான் லிப்ட்டுக்குக்கூட நிக்காம படியில இறங்கி ஓடினாரு. பழப் பையை பெஞ்சுலயே விட்டுட்டாரு."

"அதைக் கொட்டிப் பாரு."

சிறிது நேரம் கழித்துக் குரல் மாறி வந்தது. "ஆப்பிளுக்கு அடியில ஒரு ஊசி இருக்குடா. பெரிய ஊசி. மருந்து இல்ல. காத்து இழுத்து வச்சிருக்கு. ரத்தத்துல ஏத்தினா ஆளு முடிஞ்சான்."

சர்வேயர் தன் போனை எடுத்துப் போலீஸை அழைத்தார். 

*

ஐந்தேகாலுக்கு அவர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டது. இரும்பை உடை மாற்றும் அறைக்குள் தள்ளி, வாயில் துண்டை அடைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சைரன் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இவங்க எங்க ஸ்கூல் மேடம்" என்று சர்வேயரைக் காட்டினார் டீச்சர்.

வித்தவரின் பார்வை யார் மேலும் நிற்கவில்லை. நேராக அலமாரிக்குப் போனது. "அப்பாடா" என்றார். உண்மையான நிம்மதி.

"உங்க அண்ணன் என்னைக்கு ஊருக்குக் கிளம்பினாரு?" என்றார் சர்வேயர், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல.

"மூணாம் தேதி காலையில. ஏன்?"

"அவர் கணக்கும் இதுல அப்படியே இருக்குங்க. கடைசியா ஒரு பாட்டுக் கேட்டிருக்காரு. பாதியில நிறுத்தியிருக்கு." சர்வேயர் பெட்டியின் சின்னத் திரையைத் தொட்டார். "அஞ்சாம் தேதி, சாயங்காலம் நாலு இருபது. வெளிநாட்டுல இருக்கிறவரு உங்க வீட்டு வைஃபைல எப்படிங்க பாட்டுக் கேட்டாரு?"

விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. ஒரு வயலின். நிதானமாக, யாரோ நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல.

வித்தவர் பெட்டியைப் பிடுங்கித் தரையில் அறைந்தார். வயலின் அறுந்தது. அது போதாமல், பக்கத்திலிருந்த டம்பெல்லை எடுத்து மண்டியிட்டு அடித்தார். திரை நொறுங்கியது, மூடி பிளந்தது. பச்சை நிறச் சில்லுகள் சிதறின. அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு இரும்புப் பெட்டியை யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள்.

"ஒரு தடவை இதே மாதிரி அடிச்சுப் பழகியிருக்கீங்க" என்றார் சர்வேயர்.

அவர் எழுந்த வேகத்தைச் சர்வேயர் எதிர்பார்க்கவில்லை. டம்பெல் தோள்பட்டை எலும்பில் இறங்கியது. சர்வேயர் மடங்கி விழுந்தார். இரண்டாவது அடிக்குக் கை உயர்ந்தபோது டீச்சர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, முதுகுக்குப் பின்னால் திருகி, மேலே தூக்கினார். தோள் மூட்டு கழன்றது. வித்தவர் முகம் குப்புற விழுந்தார். டீச்சர் விடவில்லை. அதே கையைத் தரையில் வைத்து, கீழே கிடந்த டம்பெல்லை எடுத்து, மணிக்கட்டின் மேல் இறக்கினார்.

தம்பிக்கு நொறுங்கிய அதே மணிக்கட்டு.

"அண்ணி, இதுக்கு நாம சாட்சி சொல்லணுமா?" என்றான் சைரன்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. தரையில கிடக்கேன்" என்றார் சர்வேயர்.

டீச்சர் குனிந்து வித்தவரின் காதருகே கேட்டார். "உங்க அண்ணன் எங்க?"

"கார் ஷெட்டுல..." அவர் அழுதார். ரத்தமும் எச்சிலும் தரையில் சேர்ந்தன. "புதுசா சிமெண்ட் போட்டேன். வீடு ரெண்டு பேருக்கும் பொதுவுல இருந்துச்சு. விக்க மாட்டேன்னான். நான் கத்திக்கிட்டிருக்கேன், அவன் பாட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தான். என் பக்கம் திரும்பக்கூட இல்ல..."

"என் தம்பி உங்களுக்கு என்ன செஞ்சான்?"

"போன் பண்ணினான்! திங்கக்கிழமை ராத்திரி. எதுக்குப் பண்ணணும்? பெட்டிய வாங்கினமா, போனமான்னு இருக்க வேண்டியதுதானே? ‘உங்க அண்ணன் அஞ்சாம் தேதி ஒரு பாட்டைப் பாதியில விட்டுட்டுப் போயிருக்காருங்க, நான் அவர் கணக்கை அழிக்கல, அப்படியே வச்சிருக்கேன், பேசும்போது சொல்லுங்க, வந்தா மிச்சத்தைக் கேட்டுக்கலாம்’னான். யாரு கேட்டா அவனை? யாரு கேட்டா?"

டீச்சர் எழுந்து நின்றார். கையில் இன்னும் டம்பெல் இருந்தது. அவர் அதை வித்தவரின் தலைக்கு மேலே பிடித்திருப்பதைச் சர்வேயர் தரையிலிருந்து பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 

கீழே தெருவில் போலீஸ் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. டீச்சர் டம்பெல்லைக் கொண்டுபோய், அது இருக்க வேண்டிய வரிசையில், சரியான எண்ணுக்கு நேராக வைத்தார்.

"பெட்டி போச்சே அண்ணி" என்றான் சைரன். "இருந்த ஒரே சாட்சி."

"பாட்டு பெட்டிக்குள்ளயா இருக்கு? கணக்குல இருக்கு. செத்துப்போன அண்ணனோட கணக்கை எந்த போன்லேருந்து திறந்தாலும் அந்தத் தேதி அங்கேயே இருக்கும்." சர்வேயர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "இந்த மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் அந்தப் பெட்டியப் பத்தி ஒண்ணும் தெரியல."

*

ஒரு கையால் வண்டி ஓட்டினாலும் சைரன் பழைய வேகத்தை மறக்கவில்லை. வழியெல்லாம் வாயாலேயே சத்தம் எழுப்பிக்கொண்டு வந்தான். டீச்சர் ஆஸ்பத்திரி மாடிக்கு ஏறியபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிஷம்தான்" என்று வழிவிட்டார்.

தம்பியின் தலை முழுக்கக் கட்டு. வாயில் குழாய். இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் கட்டிலின் ஓரத்தில் நின்று, கட்டுப் போடாத கையைத் தேடிப் பிடித்தார்.

"டேய்" என்றார். "அக்காடா."

அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

"நீ அந்த ஆளுக்கு போன் பண்ணினது தப்பே இல்லடா. கேக்குதா? எந்திரிச்சதும் நீயே உன்னைத் திட்டிக்குவே, எனக்குத் தெரியும். திட்டிக்காதே. ஒரு தப்பும் இல்ல."

பின்னாலிருந்து நர்ஸ், "நேரமாச்சு மேடம்" என்றார்.

"இன்னும் ஒரே ஒரு நிமிஷம்."

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சரின் விரல்களில் காய்ந்திருந்த ரத்தம் கண்ணில் பட்டது. மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்.